மடியில் புரதப் படிகம், தம்போய் பேருந்து

இன்று காலை தம்போயில் பேருந்து ஏறினேன். மடியில் ஒரு நுரைப்பெட்டி. உள்ளே எட்டு மாதமாக நான் வளர்த்த மூன்று படிகங்கள்.

வண்டி குலுங்கும்போதெல்லாம் பெட்டியை இரு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

பக்கத்து இருக்கை ஆண்ட்டி கேட்டார், “பெட்டிக்குள்ள கேக்காம்மா?”

“இல்ல ஆண்ட்டி. நம்ம உடம்புல இருக்கிற செல்லுக்குள்ள சேதி கடத்துற புரதம். அது பெப்டைடுங்கிற குட்டித் துண்டை எப்படிப் பிடிச்சிருக்குன்னு எக்ஸ்ரேல பார்க்கணும். ரொம்பக் குலுங்கினா உடைஞ்சிரும்.”

“அலமாக்!” என்றவர், மெதுவாகப் போகச் சொல்லி ஓட்டுநரைப் பார்த்து மலாயில் கத்தினார், “பாங், பெலான் பெலான் லா!”

வண்டி மெதுவானது.

ஆய்வகம் போனதும் நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டில் விரிசல். ஒன்றுமட்டும் முழுதாக இருந்தது.

நாளை அதற்கு எக்ஸ்ரே. படிகம் தாங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன். அதுவரை நான் தாங்குவதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்களேன்.