நெல்லுக்கு ஒதுங்கிய கார்

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். நான் வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம் நன்னிலம் பக்கம். நடுவில் இருக்கிற பதினாலு கிலோமீட்டரைத் தினமும் ஸ்கூட்டரில் போய் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அங்கே மருந்து கொடுக்கிற சன்னல் என்னுடையது. முழங்கையிலும் முட்டியிலும் கட்டுப் போட்டுக்கொண்டு மாத்திரைச் சீட்டை நீட்டுகிறவர்களிடம், எப்படி விழுந்தீங்க என்று கேட்காமல் நான் மாத்திரை கொடுத்ததில்லை. கேட்கச் சொல்லி எந்த உத்தரவும் கிடையாது, ஆனாலும் கேட்பேன். எதிரே வந்த கார் இந்தப் பக்கம் ஏறி வந்துவிட்டது என்பார்கள் பாதிப்பேர். இடிக்கவெல்லாம் இல்லையாம். ஏறி வந்ததாம், இவர் இறங்கினாராம், விழுந்தாராம். கார்க்காரர் நின்றாரா என்றால் சிரிப்பார்கள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதற்கு ஹெல்மெட் நல்ல வசதி. உள்ளே என்ன திட்டினாலும் வெளியே கேட்காது. பதினோரு வருஷத்தில் அந்த ஹெல்மெட் கேட்ட பேச்சை வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கழுத்து சாய்ந்த பக்கமே காரையும் சாய்த்துக்கொண்டு வருவார் ஒருவர். பின் சீட்டுப் பிள்ளைக்கு முறுக்கு எடுத்துக் கொடுக்கத் திரும்புவார் இன்னொருவர். எல்லாரையும்விட எனக்குப் பயம், கோபுரம் கண்ணில் பட்டதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிடுகிறவரிடம்தான். எங்கள் பக்கம் கோபுரங்களுக்குப் பஞ்சமா? அவரைச் சாமி பார்த்துக்கொள்ளும். எதிரே வருகிற என்னை யார் பார்ப்பது என்று சத்தமாகவே கேட்டிருக்கிறேன், ஹெல்மெட்டுக்குள்.

இப்படி இருந்த என் வாழ்க்கையில், இரண்டு வருஷத்துக்கு முன்னால், என் வீட்டுக்காரர் கார் வாங்கினார்.

அவர் மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டியவர். ஒரு நாள்கூட அபராதம் கட்டியதில்லை என்பது அவருடைய பெருமை. அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது நான் கேட்டாக வேண்டும். ஊரோடு வந்து, அப்பா வைத்துவிட்டுப் போன மூன்று ஏக்கரைக் கையில் எடுத்துக்கொண்ட கையோடு, ஒரு வெள்ளைக் காரையும் பழசாக வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மறுவாரமே என் ஸ்கூட்டரின் மேல் கண் வைத்தார். இந்த ரோட்டில் கார்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்கள், உனக்கு ஐம்பது வயசு ஆகப்போகிறது, ஸ்கூட்டரை விற்றுவிடு, நானே தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறேன் என்றார். அக்கறையில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் ஊரில் இல்லாத வருஷங்களில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது, கரன்ட் பில் கட்டியது, விதைநெல் மூட்டை ஏற்றி வந்தது எல்லாம் அந்த ஸ்கூட்டர்தான். நினைத்த நேரத்துக்குக் கிளம்பி, நினைத்த இடத்தில் நின்று, வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்றுகொண்டு வருகிற சுகத்தை ஒருவரிடம் கைமாற்றிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கார் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

கார் வலது பக்கமாக நழுவும். மஸ்கட்டில் வலது பக்கம் ஓட்டிப் பழகிய கை என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். இரண்டு மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டுவதில்லை, வயலைப் பார்த்து ஓட்டுகிறார். பதினெட்டு வருஷம் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் அல்லவா, பச்சையைக் கண்டால் விடமாட்டார். வலது பக்க வயலில் பயிர் மஞ்சளித்திருந்தால் கார் வலது பக்கம் போகும். இடது பக்கம் எவனாவது நடவுக்குச் சேறு அடித்துக்கொண்டிருந்தால் இடது பக்கம் போகும். பக்கத்தில் இருந்து நான் லேசாகத் தொண்டையைச் செருமினால், இங்கே என்ன கோடா போட்டிருக்கிறான், இருந்தால்தானே அதை விட்டு விலகுவதற்கு என்பார்.

அந்த வருஷம் குறுவை அறுப்பு நேரத்தில் பேச்சு முற்றிவிட்டது. மெக்கானிக்கிடம் அவரே சொல்லி வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் ஸ்கூட்டரைப் பார்க்க வருவதாக ஏற்பாடு செய்துவிட்டார். என்னிடம் கேட்டது வியாழக்கிழமை. நான் பதில் சொல்லாமல் தோசையைத் திருப்பிப் போட்டேன். எங்கள் வீட்டில் அதற்குச் சண்டை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். அறுப்பு நேரத்தில் எங்கள் சாலையில் பாதிதான் சாலை, மீதி களம். ஈர நெல்லைக் கொள்முதலுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் தார் ரோட்டில் ஒரு பக்கமாகப் பரப்பி, ஓரத்துக்குக் கல்லும் பனைமட்டையும் வைத்துக் காயப்போட்டிருப்பார்கள். உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தால் வண்டிக்காரர்கள் தாராளமாக மேலே ஏற்றிப் போகலாம், காய் உடைந்து உளுந்து உதிரட்டும் என்றுதான் போட்டிருப்பார்கள். நெல்லின் மேல் ஏற்றக் கூடாது. அரிசி நொறுங்கிப் போகும். தவிர, சோற்றை மிதித்த மாதிரி. எங்கள் பக்கத்து ஆள் எவனும் தெரிந்து நெல்லின் மேல் டயரை ஏற்றமாட்டான்.

அன்றைக்கு நெல் கிடந்தது எதிர்ப்பக்கம். என் பக்கம் காலியாக இருந்தது. எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்தது. நெல்லைக் கண்டதும் நிதானமாக, வெகு மரியாதையாக, அதை விட்டு ஒதுங்கி முழுசாக என் பக்கத்துக்கு வந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. நான் ஹாரனை அழுத்தினேன். கார் வந்துகொண்டே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் திட்டக்கூட நேரமில்லை. ஸ்கூட்டரை மண்ணில் இறக்கினேன், மண் வழுக்கியது, ஸ்கூட்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வாய்க்கால் சரிவில் போனோம். காட்டாமணக்குப் புதர் பிடித்து நிறுத்தியிராவிட்டால் தண்ணீருக்குள்ளேயே போயிருப்பேன். இடுப்பு வரை சேறு, முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான், உயிர் இருந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது காரின் பின்பக்கம் தெரிந்தது. நம்பரைப் படித்தேன். படிக்கவே வேண்டியதில்லை. பின் கண்ணாடியில் நான் ஒட்டிய பிள்ளையார் சிரித்துக்கொண்டு போனார்.

எதிர்ப்பக்கம் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டு, ஸ்கூட்டரையும் மேலே தள்ளிவிட்டு, குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டார். பிறகு கார் போன திசையைப் பார்த்து, உங்கள் நேரம் சரியில்லை, ஆனாலும் நல்ல மனுஷன், ஒரு மணி நெல்லில்கூட ஏற்றாமல் போகிறார் பாருங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் வீட்டுக்கு வந்து குளித்து, முழங்கைக்கு நானே மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு அவர் உர மூட்டையோடு வந்து சேர்ந்தார். என் கையையும் வாசலில் சேறு காய்ந்து நின்ற ஸ்கூட்டரையும் பார்த்ததும் அவர் முகம் மாறிய விதத்தை என்னால் மறக்க முடியாது. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்க்காரன் என்று மட்டும் சொன்னேன். பிடித்துக்கொண்டார். அவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது, மஸ்கட்டாக இருந்தால் உள்ளே தூக்கிப் போட்டிருப்பார்கள், விழுந்த ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன் மனுஷனா என்று கால் மணி நேரம் திட்டினார். என் ஹெல்மெட் கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருக்கும். முடிவில், இதற்குத்தான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரைக் கொடுத்துவிடலாம் என்று வந்து நின்றார்.

நான் சொல்லாமலே விட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் சொல்லாவிட்டால் ஸ்கூட்டர் போய்விடும், கார் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

"நம்பர் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"சொல்லு. இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்."

சொன்னேன். நான்கு எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கூடவே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தவர் மூன்றாவது எண்ணிலேயே நிறுத்திவிட்டார். வெளியே போய்க் காரைச் சுற்றி வந்தார். அதில் ஒரு கீறலும் இருக்காது என்று எனக்குத் தெரியும். வெகுநேரம் அங்கேயே நின்றார். உள்ளே வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"ரோட்டுல நெல்லு கெடந்துச்சு. அதுல ஏத்திரக் கூடாதேன்னு ஒதுக்குனேன்."

"நெல்லு தெரிஞ்சிருக்கு ஒங்களுக்கு. நான் தெரியலைங்க."

எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. செத்திருப்பேன் என்கிற பயம் சாலையில் வரவில்லை, வீட்டுக் கூடத்தில் வந்தது. அவர் சமையல்கட்டுக்குப் போய், எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தேடித் தேடி ஒரு காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் சொல்லாமல் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஆளை அவரே வாசலில் வைத்துப் பேசித் திருப்பி அனுப்பினார். திங்கட்கிழமை நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பின்னால் ஏறி உட்கார்ந்தார். எங்கே என்றேன். நன்னிலத்தில் வேலை இருக்கிறதாம். அந்த வாரம் முழுக்க அவருக்கு நன்னிலத்தில் வேலை இருந்தது. முதல் நாள் எதிரே ஒரு கார் ஏறி வந்தபோது என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது. மூன்றாம் நாள் திட்டத் தொடங்கினார். அவருக்கு ஹெல்மெட்டுக்குள் திட்டத் தெரியவில்லை, கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஊருக்கே கேட்கத் திட்டினார். என் மானம் போனது. வெள்ளிக்கிழமை நான் விழுந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கினார். சரிவையும் காட்டாமணக்கையும் பார்த்தார். இவ்வளவு ஆழமா என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

இருபது நாள் போயிருக்கும். நாத்தனார் பேரனுக்குத் திருவிடைமருதூர் கோயிலில் காதுகுத்து. காரில் கிளம்பினோம். அவர் வயல் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வளைவு திரும்பியதும், எங்கள் பக்கம் நீளத்துக்கு நெல் கிடந்தது. எதிரே ஒரு பைக், பின்னால் பட்டுப்புடவையில் ஒரு பெண், மடியில் தாம்பாளம். எங்கள் முதுகில் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிரேக் போட்டால் பஸ், ஒதுக்கினால் பைக். அவர் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங் அசையவில்லை. கார் நேராகப் போய் நெல்லின் மேல் ஏறியது. அடியில் அது நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பைக் தன் பாட்டுக்குப் போனது. அந்தப் பெண் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நெல்லைத் தாண்டிக் காரை நிறுத்தி இறங்கினார். தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு அம்மா விளக்குமாற்றோடு வந்தார்.

"ஏங்க, இவ்ளோ நெல்லு கெடக்கே, கண்ணு தெரியலைங்களா?"

அவர் கும்பிட்டார். "தெரிஞ்சுதும்மா. வண்டியில வந்தவங்களும் தெரிஞ்சாங்க. மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மா பைக் போன பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, விளக்குமாற்றைக் கீழே போட்டார். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டயர் போன தடத்தைக் காலால் துழாவிச் சரிசெய்யத் தொடங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானும் இறங்கினேன். நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது காது குத்தி, குழந்தை அழுது முடித்துத் தூங்கிவிட்டிருந்தது.