ஓடுபாதைக்கு நான் போர்த்திய விரிப்புகள்

அரிசோனா பாலைவனத்துப் போர் விமானத்தளத்தைக் கட்டியது ராணுவம் என்பார்கள். என்னைக் கேட்டால், பாதியை நான்தான் கட்டினேன். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள் நான். ஜப்பான்காரனோடு சண்டை மூண்டதற்கு அடுத்த கோடையில் அங்கே சிப்பாய்களுக்குத் துணி வெளுத்தேன். என் புருஷன் யூசேபியோ ஓடுபாதைக்குக் கான்கிரீட் போட்டார்.

ஒருநாள் தண்ணீர் லாரி மணலில் புதைந்துவிட்டது. ஈரத்தோடு மூடி வைக்காவிட்டால் புதுக் கான்கிரீட் அந்த வெயிலில், காய்ந்த டோர்ட்டியா ரொட்டி போல வெடித்துவிடும்.

"வெடிச்சுதோ, உனக்கு இங்க வேலை இல்ல," என்றார் மேஸ்திரி ஹார்லன். யூசேபியோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் துவைத்து இன்னும் பிழியாமல் வைத்திருந்த சிப்பாய்களின் படுக்கை விரிப்புகளை வண்டியோடு இழுத்துவந்து, அன்று போட்ட பகுதி முழுக்கப் போர்த்தினேன். தளத்து மேஜர் ஓடிவந்தார்.

"ஏம்மா டெல்ஃபினா, எங்க பசங்க எதுல படுப்பாங்க?"

"படுக்கணுமா, பறக்கணுமா? ஒண்ணைச் சொல்லுங்க ஐயா!"

பொழுது சாயும்வரை சலவைத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். மறுநாள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் மயிரிழை விரிசல்கூட இல்லை.

ஹார்லன் யூசேபியோவிடம், "நாளைக்கும் வேலைக்கு வா. உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா," என்றார்.

"அவர் என்னைக் கூட்டிட்டு வர வேண்டாம். நான் அவரைக் கூட்டிட்டு வர்றேன்," என்றேன்.