சொட்டையாரின் பரிசுப் படம்

அவருக்குச் சொட்டையார் என்று பெயர் வந்த கதையில் அலுவலகத்துக்குள் இரண்டு கட்சி உண்டு. வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில், மோதி நசுங்கி வரும் வண்டிகளின் சொட்டைகளைப் படம் பிடித்துச் சேதத்தை மதிப்பிடுவது அவர் வேலை. பெயர் அதனால் வந்தது என்பது ஒரு கட்சி. உச்சந்தலையைப் பார்த்த பிறகு வேறு காரணம் எதற்கு என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் அவர் முகத்துக்கு நேரே ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

பல வருஷமாக அவர் பம்பரையும் கதவையும் உடைந்த விளக்கையும் படம் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். கெடுத்தது மேலாளர். ஒருநாள், விரிசல் விட்ட முன் கண்ணாடி ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, “அட, நல்லா வந்திருக்கே. சிலந்தி வலை மாதிரி இருக்கு” என்று சொல்லித் தொலைத்தார். சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். சொட்டையார் மட்டும் அந்த இடத்திலேயே கலைஞராகிவிட்டார்.

அடுத்த மாதம் வீட்டுக்கு ஒரு கேமரா வந்தது. அதற்கு அடுத்த மாதம் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “இதுல என்ன தெரியும்?” என்று கேட்டாள்.

“தூரத்துல இருக்கிறதெல்லாம் தெரியும்.”

“பக்கத்துல இருக்கிறது?”

“அதுக்கு வேற லென்ஸ் வாங்கணும்” என்றார் சொட்டையார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

முதலில் இயற்கையிடம் போனார். ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்கரையில் விடியற்காலை போய் நின்றார். மீன்கொத்தி ஒன்று தினமும் அதே கிளையில் வந்து உட்காரும். இவர் கேமராவைத் தூக்கும்வரை உட்கார்ந்திருக்கும், தூக்கியதும் பறந்துவிடும். அவரிடம் இருந்த மீன்கொத்திப் படங்கள் எல்லாமே வெறும் கிளைப் படங்கள்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் கணினியைத் திறந்து அந்தக் கிளையைக் காட்டி, “இப்பத்தான் பறந்துச்சு” என்பார். வந்தவர்களும் இழவு வீட்டில் துக்கம் கேட்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

பிறகு ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தார். அதற்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூதான் சர்க்கரை. “படம் அழகா இருந்தாப் போதாது. அதுல ஒரு கதை இருக்கணும்” என்று டாக்டர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். கதை என்றால் சோகக் கதை என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சிரிக்கிற முகத்துக்கு அங்கே யாரும் பரிசு கொடுத்ததில்லை.

அன்றிலிருந்து சொட்டையார் சோகத்தைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார். நடைபாதை விளிம்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஒரு குழாய் ரிப்பேர்காரரைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். அவர் நிமிர்ந்து பார்த்து, “வாஷர் வாங்கிட்டு வரப் பையன் போயிருக்கான் சார். அதுவரைக்கும் உங்களுக்கு என்ன வேணும்?” என்றார். மூட்டை தூக்கும் பெண் ஒருத்தியை எடுக்கப் போனார். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “ஒரு கை பிடிங்களேன், எடுத்தாப் போச்சு” என்றாள். அவருக்கு இடுப்புப் பிடிப்பு என்று ஞாபகம் வந்துவிட்டது. ஆளைத் தொந்தரவு செய்யாமல், ஆளால் தொந்தரவு வராமல் எடுக்க நீள லென்ஸ்தான் சரி என்று அன்றைக்கு முடிவு கட்டினார்.

வீட்டில் நான்காவதாக ஓர் ஆளும் உண்டு. மனைவி, மகள், இவர் போக, மாமனார். சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். பின்பக்கத்துச் சின்ன அறை அவருக்கு.

அந்த அறைக்குள் கலை மெல்ல மெல்ல நுழைந்தது. முதலில் கேமரா ஸ்டாண்டு போய் மூலையில் நின்றது. அப்புறம் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் வைக்க ஒரு கண்ணாடி அலமாரி. பூக்களை எடுக்கும்போது பின்னால் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும் என்பதால் ஜன்னலுக்கு மேலே ஒரு கறுப்புத் துணி. இரண்டு பக்கமும் குடை விளக்கு. பெரியவரின் நாற்காலியில் பூத்தொட்டி ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் அவர், “மாப்பிள்ளை, நாற்காலி…” என்று ஆரம்பித்தார். “தொட்டியை அசைச்சிடாதீங்க மாமா, ஃபோகஸ் பண்ணி வெச்சிருக்கேன்” என்றார் மருமகன். அதற்குமேல் அவர் பேச்செடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னொரு சங்கடம். இருட்டோடு கிளம்ப வேண்டும் என்று சொட்டையார் அந்த அறைக்குள் வந்து விளக்கைப் போட்டு, அலமாரியைத் திறந்து மூடி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, கிளம்பிப் போவார். பெரியவரின் தூக்கம் அதோடு சரி. அவரும் எழுந்து முகம் கழுவி, கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு, முதல் பஸ் எங்கே போகிறதோ அங்கே போய்விட்டு வருவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

முதல் பஸ் ஏரிக்குத்தான் போனது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன்கொத்தி வழக்கம்போல் ஏமாற்றிவிட்ட எரிச்சலில், சொட்டையார் லென்ஸை எதிர்க்கரைப் பக்கம் திருப்பினார். பனி மூட்டம். ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதன் ஓரத்தில், முழு பெஞ்சும் காலியாக இருக்க, யாருக்கோ இடம் விட்டதுபோல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் ஒரு கிழவர். குல்லாய், குனிந்த முதுகு, முழங்காலுக்கு நடுவே தொங்கும் கைகள். கேட்டு வாங்க முடியாத சோகம் கேட்காமலே கிடைத்துவிட்டது. சொட்டையார் மூச்சை அடக்கிக்கொண்டு அடுக்கடுக்காக எடுத்துத் தள்ளினார். அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது, “இன்னிக்கு ஒருத்தர் மாட்டினார்” என்று மட்டும் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த மாமனார், “நல்லது மாப்பிள்ளை” என்றார்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ‘யாருமற்றவர்’ என்று தலைப்பு வைத்து, சங்கத்தின் போட்டிக்கு அனுப்பினார். ஆளுக்குத் தெரியாமல் எடுக்கும் படங்களுக்குத் தனிப் பிரிவு. கேண்டிட் என்று பெயர். அதில் அவருக்கே முதல் பரிசு. போன வருஷம் வரை தொடர்ந்து முதல் பரிசு வாங்கிவந்த வங்கிக்காரருக்கு இரண்டாவது.

பரிசளிப்பு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. காரைச் சொட்டையார் முன்னதாகவே எடுத்துப் போயிருந்ததால், குடும்பம் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்து சேர்ந்தது. அவர்கள் வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தபோது சொட்டையார் மேடையில் இருந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி இறங்கியிருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும். ஆனால் மைக் கையில் கிடைத்த மனிதன் எப்போது இறங்கியிருக்கிறான்?

“படம் எடுத்ததும் என்னால அப்படியே போக முடியலை. ஏரியைச் சுற்றி நடந்து அவர்கிட்டப் போனேன். பக்கத்துல உட்கார்ந்தேன். ‘ஐயா, உங்களுக்கு யாரு இருக்காங்க?’ன்னு கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. வானத்தைக் கைகாட்டினார். ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். வாங்கிக் குடிச்சிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அந்தக் கை…”

முன்வரிசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். பல் டாக்டர் கைதட்ட, மண்டபமே தட்டியது.

மாமனாருக்குப் பேச்சில் அக்கறை இல்லை. பாதிப் படத்தில் உள்ளே வருகிறவர்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். தான் அப்படி வந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது. சுவரோரமாக மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், முதல் பரிசுப் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சொட்டையாரின் மனைவியும் வந்து பார்த்தாள். அவளுக்குத் துடைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குல்லாய் அவள் பின்னியது.

மேடையிலிருந்து இறங்கிய சொட்டையார், வாழ்த்தியவர்கள் புடைசூழ அந்தப் பக்கம் வந்தார். “வாங்க மாமா, பார்த்தீங்களா படத்தை?”

“பார்த்தேன் மாப்பிள்ளை. நல்லா விழுந்திருக்கேன்” என்றார் பெரியவர். அப்புறம், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்ற கவலையோடு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: “அந்த டீ மட்டும் எனக்கு வந்து சேரலை.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டாம் பரிசு வாங்கியவன் காது அன்றைக்கு எப்படி இருக்கும்? வங்கிக்காரர் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

மறுநாள் பத்திரிகையின் ஞாயிறு மலரில் படம் வந்தது, தலைப்போடு, எடுத்தவர் பெயரோடு. காலையிலிருந்து போன் ஓயவில்லை. சொந்தக்காரர்களில் ஒருவருக்குக்கூடக் குல்லாய்க்குள் இருப்பது யார் என்பதில் சந்தேகம் இல்லை. பெரியவரின் மகன் வேறு ஊரிலிருந்து கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, எங்கப்பாவுக்கு யாருமே இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கீங்க. பெத்த புள்ள நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“அப்ப கொஞ்ச நாள் உங்ககூட வந்து இருக்கட்டுமே, மச்சான்.”

“இப்ப வீட்டுல பெயிண்ட் அடிக்கிறோம்” என்றார் மச்சான்.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். “என்னவாம்?”

“பெயிண்ட் அடிக்கிறாங்களாம்.”

“போன வருஷமும் அதான் அடிச்சாங்க.”

பெரியவருக்கு மட்டும் அந்த வாரம் ராஜ வாழ்க்கை. எதிர்வீட்டு அம்மாள் பழம் கொண்டுவந்து கொடுத்தாள். மாடி வீட்டுக்காரர் படியில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் உட்கார ஸ்டூல் போட்டார். “எனக்கு ஒரு குறையும் இல்லீங்க” என்று பெரியவர் சொல்லச் சொல்ல, “பாவம், எவ்வளவு நல்ல மனசு” என்று பழம் இன்னும் கூடியது. இரண்டு நாளில் மறுப்பதை விட்டுவிட்டார்.

புதன்கிழமை சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். பல் டாக்டரின் மருத்துவமனையில், நோயாளிகள் போன பிறகு. நாற்காலி பற்றாததால் சொட்டையாரைப் பல் பிடுங்கும் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார்கள். வங்கிக்காரர் வட்டிக் கணக்கு விளக்குவதுபோல் விளக்கினார்.

“சார், மாமனாரைச் சொல்லி வெச்சு உட்கார வெச்சிருந்தீங்கன்னா, படமே மோசடி. மாமனார்னு தெரிஞ்சே ஒளிஞ்சிருந்து எடுத்திருந்தீங்கன்னா, தலைப்பு மோசடி. மிச்சம் ஒரே வழிதான் இருக்கு. உங்களுக்கு ஆளைத் தெரியலை. ஆனா ஒரே வீட்ல இருக்கிற ஆளைத் தெரியலைன்னா யார் நம்புவாங்க?”

சொட்டையார் அண்ணாந்து, தலைக்கு மேலே இருந்த பெரிய விளக்கைப் பார்த்தார். ஏமாற்றுக்காரன் என்று ஒத்துக்கொண்டால் பரிசு போய்விடும். மற்றதை ஒத்துக்கொண்டால் பரிசு இருக்கும். வேறு என்ன போகும் என்று அவர் யோசிக்கவில்லை.

“தெரியலை” என்றார். “சத்தியமா எனக்குத் தெரியலை.”

சாட்சிக்கு மாமனாரையே கூப்பிட்டார்கள். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, மகள் துணையோடு, உற்சாகமாக வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு எப்படியாவது உதவிவிட வேண்டும் என்ற எண்ணத்தைத் தவிர அவர் மனசில் வேறெதுவும் இல்லை.

“அவர் சொல்றது உண்மைதாங்க” என்றார். “அவருக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது.”

“தினமும் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுறீங்களே ஐயா?” என்றார் வங்கிக்காரர்.

“உட்காருவேன். நான் உட்கார்ற பக்கம்தான் டிவி இருக்கு. அவர் டிவியைப் பார்ப்பார். நான் நடுவுல மறைக்காம கொஞ்சம் ஒதுங்கிக்குவேன்.”

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அந்த நேரத்துல நீங்க ஏன் ஏரிக்குப் போனீங்க?”

“வீட்ல உட்கார இடமில்லைங்க. நாற்காலில தொட்டி இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. மேடையில் பேசுவது எதுவும் போட்டி விதிகளுக்குள் வராது என்பதால் டீ விவகாரத்தைத் தள்ளுபடி செய்து, படம் கலப்படமில்லாத கேண்டிட்தான் என்று டாக்டர் தீர்ப்புச் சொன்னார். பரிசு நிலைத்தது. வங்கிக்காரர்கூடக் கைகொடுத்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குக் காரில் கிளம்பினார்கள். பெரியவர் பின்சீட்டில் தூங்கிவிட்டார். சிக்னலில் வண்டி நின்றபோது மனைவி சொன்னாள்.

“நீங்க ஏமாத்தினேன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். பரிசு ஆசை, யாருக்கு இல்லைன்னு விட்டிருப்பேன்.”

“பனி அதிகம். வெளிச்சம் பின்னாலேருந்து வந்துச்சு” என்றார் சொட்டையார்.

“வெளிச்சத்தைக் குத்தம் சொல்லாதீங்க.”

அன்றைக்கே அவள் கறுப்புத் துணியை இழுத்துக் கழற்றினாள். குடை விளக்கும் அலமாரியும் ஸ்டாண்டும் கூடத்துக்கு வந்து, டிவிக்கு முன்னால் குவிந்தன. சாப்பிடும்போது டிவி பார்ப்பதற்கு வழியில்லாமல் போனது. தொட்டியை அவர்கள் மகள் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். பிறகு மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவதானால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் கேமராவை விற்க வேண்டும்.

சொட்டையார் பெரிய மனசு பண்ணி அதில் முதல் பாதிக்குச் சம்மதித்தார்.

இப்போது இருவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். பெரியவருக்குக் காரில் முன்சீட்டு. கரையில் உட்கார மடக்கு நாற்காலி. இத்தனை வருஷம் யாரும் கேட்காமல் சேர்ந்துபோன பேச்சு அவரிடம் நிறைய இருந்தது. தியேட்டரில் கிழிந்த நோட்டைக் கொடுத்து உள்ளே போனவர்கள், காதலியோடு வந்து அப்பாவிடம் மாட்டிக்கொண்டவர்கள், எல்லோரையும் பற்றி உரத்த குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார். அரை மைல் சுற்றுவட்டத்தில் ஒரு பறவை தங்குவதில்லை. சொட்டையார் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு “ம்” கொட்டுவார். இரண்டு “ம்” தவறினால் பெரியவர் நிறுத்திவிட்டு, “கேக்குறீங்களா மாப்பிள்ளை?” என்பார்.

“கேக்குறேன் மாமா.”

“அப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க.”

போன வாரம் அவரால் சரியாகச் சொல்ல முடிந்தது. அதற்கு முந்தின வாரம் முடியவில்லை. அந்தக் கதையை முதலிலிருந்து மறுபடியும் கேட்க வேண்டியதாகப் போயிற்று.