மேடு இல்லாத இடம்

சியோம்புவாவின் மகள் கோக்கி, பள்ளிக்கூடம் போகச் சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டுச் செத்தாள். மொம்பாசாவிலிருந்து சரக்கேற்றி வரும் லாரிக்காரர்களுக்கு அந்த இறக்கத்தில் பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். ஊர்ப் பெண்கள் கல்லை உருட்டிப் போட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் அடித்தும் எழவில்லை. கடைசியில் பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை மேடு ஒன்று வந்தது.

மேடு வந்ததும் வண்டிகள் ஊர்ந்தன, வியாபாரமும் வந்தது. ஊர்ப் பெண்கள் ஆரஞ்சும் சுட்ட சோளமும் ஏந்திக்கொண்டு வண்டி ஜன்னலோடு ஓடினார்கள். கொழுந்தன் மனைவி முவிகாலி அதில் செங்கல் வீடே கட்டிவிட்டாள்.

"என் பிள்ள செத்த எடத்துல கடை விரிச்சிருக்கீங்க," என்பாள் சியோம்புவா.

"நாங்களா கொன்னோம்? எங்களுக்கும் வயிறு இருக்குல்லக்கா."

போன வருஷம் புதுச்சாலை போடும்போது மேட்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். முவிகாலி ஓடி வந்தாள். "நீ முன்னால உக்காரணும்க்கா. நீ அழுதாத்தான் அவனுங்க மனசு எறங்கும்."

பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்துச் சியோம்புவா போய் உட்கார்ந்தாள். அழவும் செய்தாள். இன்ஜினியர் இறங்கி வந்து, "ஒரே ஒரு மேடுதான். எங்க வேணும்?" என்றார். அவள் கையைத் தூக்குமுன், அத்தனை வியாபாரிகளும் கீழே பெட்ரோல் பங்க்கைக் காட்டினார்கள். அவர்களுடைய புதுக் கொட்டகைகள் அங்கேதான் இருந்தன. முவிகாலியின் கைதான் முதலில் நீண்டது.

மறுநாள் காலை சியோம்புவா கோக்கியின் சிவப்பு ஸ்வெட்டரை ஆட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றாள். லாரிகள் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. ஒன்று மட்டும் மெதுவாயிற்று.

"என்னம்மா விக்கிற?"

"ஒண்ணும் விக்கல. பிள்ளைங்க கடக்கணும்."

"அதுக்கா நிறுத்த வெச்ச? வேற வேலையில்ல?" என்று டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு போனான்.

அதற்கடுத்த நாள் முவிகாலியிடமே போய் ஒரு கூடை ஆரஞ்சு வாங்கினாள்.

"அட, கடைசில நீயும் வந்துட்டியா!" என்று முவிகாலி சிரித்தாள். சியோம்புவா கூடையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள்.

இப்போது பள்ளிக்கூடம் கூடும்போதும் விடும்போதும் கூடையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். லாரிகள் நிற்கின்றன.

"ரெண்டு பழம் நூறு ஷில்லிங்."

"உள்ள தங்கமா வெச்சிருக்க?"

"தோலைப் பாருய்யா, எப்படி மினுங்குது!" வாய் பேரம் பேசும், கண் அவன் லாரிக்கு முன்னால் கடக்கும் பிள்ளைகள் மேல் இருக்கும். கடைசிப் பிள்ளை எதிர்ப்பக்கம் ஏறியதும், "வேணாம்னா போ," என்று கூடையை இழுத்துக்கொள்வாள்.

சிலர் அந்த விலைக்கும் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காசை அவள் பார்க்காமலே இடுப்பில் சுற்றிய லேசோத் துணியில் முடிந்துகொள்கிறாள்.