வெல்டாவின் காகிதத் தட்டு

மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, அதை வாயிலேயே அடக்கிக்கொண்டு, காகிதத் தட்டின் ஓரத்தில் “இதுவே போதும்” என்று எழுதுகிறார் வெல்டா பிக்கெட். கீழே கையெழுத்து, தேதி. தட்டின் நடுவே ஐந்து துளைகள். எதிரே நிற்கும் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி அதை மருந்துச் சீட்டு மாதிரி பத்திரமாக வாங்கிக்கொள்கிறார்.

எங்கள் ஓக்லஹோமா ஊரில் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கடைக்குப் போவதில்லை. ஊருக்கு வெளியே, செம்மண் மேட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட கிளப் சுடுதளத்துக்குச் சனிக்கிழமை காலை வருகிறார்கள். வெல்டா அங்கே சம்பளமில்லாத அதிகாரி. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூட மதிய உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கு மசியல் பரிமாறுகிற வேலை. வயது அறுபத்து மூன்று. கரண்டியைப் பிடிக்கும்போதும் சரி, துப்பாக்கியைப் பிடிக்கும்போதும் சரி, ஒரு சொட்டு வீணாகக்கூடாது என்பது அவர் கட்சி.

சோதனை எளிமையானது. சர்ச் விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டு இரண்டை மரச்சட்டத்தில் ஸ்டேப்ளரால் அடிப்பார். ஏழு கஜ தூரம். முதலில், போலீஸ்காரர்கள் கழித்துப்போட்டதை இருநூற்று எண்பது டாலருக்கு வாங்கிய தன் பழைய துப்பாக்கியால் ஐந்து சுடச் சொல்வார். அடுத்தது, கடைக்காரர் ஹாலிஸ் கொண்டுவரும் உயர்ந்த ரகம். முழுக்க எஃகு, ஒவ்வொரு பாகமும் கையால் இழைத்துப் பொருத்தியது, இரண்டாயிரத்து நானூறு டாலர். பிறகு இரண்டு தட்டையும் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து, முன்னே நீட்டிக் கேட்பார்:

“இதுல எது ரெண்டாயிரத்து நானூறு? சொல்லுங்க பாப்போம்.”

பத்தில் ஏழு பேர் தப்பாகச் சொல்வார்கள். வெல்டாவுக்கு அதில் ஒரு குழந்தைத்தனமான சந்தோஷம்.

“மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்குங்க, சனிக்கிழமை தவறாம வாங்க. துப்பாக்கி நல்லாத்தான் சுடுது. நீங்க எப்ப சுடப்போறீங்க?”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம்மூரில் சொல்வதை இந்த அம்மாள் பத்தொன்பது வருடமாகக் காகிதத் தட்டில் நிரூபித்துக்கொண்டிருக்கிறார். பணக்காரத் துப்பாக்கியோடு மிடுக்காக வந்து, காதுவரை சிவந்து திரும்பியவர்களில் நானும் ஒருவன். என் தட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. ஐந்தில் இரண்டு துளைதான் அதில்.

ஹாலிஸ் ஏன் அலுக்காமல் வருகிறார் என்பது ஊருக்கே புதிர். வியாபாரம் கெடுகிறது என்று புலம்புவார். ஆனால் வெல்டா ஸ்லோ குக்கரில் கொண்டுவரும் வெள்ளைக் குழம்பையும் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடாமல் போகமாட்டார்.

“உன் கையெழுத்தால என் கடைல நல்ல சரக்கெல்லாம் தூசி படிஞ்சு கெடக்கு வெல்டா.”

“தொடச்சு வையி. அதுக்குமா நான் வரணும்?”

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நுழைவாயில் பலகையில் வெல்டாவே சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய விதி இருக்கிறது: ‘உன் துப்பாக்கியை நீயே இழு. காலி என்று நீயே காட்டு.’ சுட்டு முடித்தால் தோட்டாக் கூட்டைக் கழற்ற வேண்டும். துப்பாக்கியின் மேல் மூடிபோல நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டும். அடுத்தவர் கை படக்கூடாது. இழுக்க முடியாதவருக்கு அங்கே இடமில்லை. மேயரே வந்தாலும் இதுதான் சட்டம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு லேலண்டு வந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், எழுபது வயது, அதிர்ந்து பேசாதவர். நான்காவது சுடும் தடத்தில் நின்று இரண்டிலும் ஐந்தைந்து சுட்டார். துளைகளில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் அந்த எஃகுத் துப்பாக்கியைக் கீழே வைக்க மனசில்லாமல் தடவிக்கொண்டே சொன்னார்:

“இது கைக்குச் சுகமா இருக்கு, மிஸ் வெல்டா.”

“சுகம் வேணும்னா சோபா வாங்குங்க லேலண்டு!”

தகரக் கூரை அதிரச் சிரித்தோம். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. லேலண்டு ‘இதுவே போதும்’ தட்டை வாங்கிக்கொண்டு போய், மலிவானதையே வாங்கினார். இரண்டு சனிக்கிழமை வந்தார், காலி என்று காட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வாரத்திலிருந்து நான்காவது தடம் காலி. அடுத்தவர் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

போன குளிர்காலத்தில்தான் வெல்டா மார்க்கர் மூடியைப் பல்லால் திறக்க ஆரம்பித்தார். குழம்புப் பாத்திரத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். புதியவர்களுக்குத் தானே சுட்டுக் காட்டுவது போய், “நீ காட்டுப்பா, நான் பாக்கறேன்” என்று என்னிடம் தள்ளினார். வலது கட்டைவிரல் மூட்டு நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. கேட்டால், “குளிரு” என்பார். ஜூன் மாதத்திலும் அதுதான் பதில்.

ஹாலிஸுக்குக் கண் கூர்மை. ஒரு சனிக்கிழமை எஃகுத் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு நேராகவே கேட்டார்:

“ஊருக்கெல்லாம் சோதனை வைக்கிற. உனக்கு நீயே எப்ப வைக்கப்போற?”

“இப்பவே வைக்கறேன். தட்டை நீயே அடி. அழுகுணி ஆட்டம் ஆடினேன்னு அப்பறம் சொல்லாத.”

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பழைய துப்பாக்கியால் ஐந்து. எஃகால் ஐந்து. திரும்பவும் பழையது. தட்டுகளை ஹாலிஸ் முதுகுக்குப் பின்னால் மாற்றி நீட்டினார். எல்லாத் துளைகளும் ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம்போல நெருங்கியிருந்தன.

“பாத்தியா? துளைல ஒண்ணும் இல்ல. இதைத்தான் பத்தொன்பது வருசமாச் சொல்றேன்” என்றார் வெல்டா. ஜெயித்த முகம்.

“இன்னொரு சுத்து” என்றார் ஹாலிஸ்.

அந்தச் சுற்றில் மூன்றாவது குண்டோடு பழைய துப்பாக்கியில் தோட்டா சிக்கிக்கொண்டது. பெரிய விஷயமில்லை. கூட்டைக் கழற்றி, ஸ்லைடை இழுத்தால் விழுந்துவிடும். வெல்டா கூட்டைக் கழற்றினார். இழுத்தார். வரவில்லை. குழலை மண்மேட்டை நோக்கிப் பிடித்தபடியே, வேறு விதமாகப் பிடித்து மறுபடி இழுத்தார். வரவில்லை. பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றோம். ஹாலிஸ் தன்னையறியாமல் கையை முன்னே நீட்டி, பலகையிலிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பலகையை எழுதியவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் துப்பாக்கியை இன்னொருவர் இழுத்துக் கொடுத்தால், அடுத்த சனிக்கிழமை அந்த மேசைக்குப் பின்னால் அவர் நிற்க முடியாது. எங்களுக்குத் தெரியும். அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியில் உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்து, உடம்பையே கொடுத்துத் தள்ளினார். தோல் கிழிந்தது. தோட்டா விழுந்தது. ரத்தம் படிந்த துப்பாக்கியைத் தூக்கி, “காலி” என்று காட்டினார்.

கையைத் துணியில் சுற்றிக்கொண்டு எஃகுத் துப்பாக்கியை எடுத்தார். இழுத்தார். இழைத்த எஃகு, வெண்ணெயில் கத்திபோலப் பின்னால் வந்தது. விட்டார். மறுபடி இழுத்தார். பத்துத் தடவையாவது இருக்கும். சுடும்போது அதன் கனம் மூட்டுக்கு வரும் உதையை வாங்கிக்கொண்டது என்பதையும் அப்போதுதான் ஒத்துக்கொண்டார். ஹாலிஸ் ஜெயித்த சிரிப்பு சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தட்டுல துளையத்தான் பாத்தேன். கையப் பாக்கலியே” என்றார் வெல்டா. பிறகு, யாரும் எதிர்பாராமல், “லேலண்டு நம்பர் யார்கிட்ட இருக்கு?” என்றார்.

பழைய டிரக்கின் கியர்பெட்டியை மாற்ற வைத்திருந்த பணத்தில் அந்தத் துப்பாக்கியை வாங்கிவிட்டார். டிரக் இப்போதும் மூன்றாவது முயற்சியில்தான் கிளம்புகிறது. “தள்ளிவிட ஊர்ல ஆள் இருக்கு. ஸ்லைடு இழுக்க ஆள் வச்சுக்க முடியுமா?” என்பது அவர் கணக்கு. புதியவர்களிடம் இன்றும் “மலிவே போதும்” என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார். ஆனால் தட்டை அடிப்பதற்கு முன் அவர்கள் கையை வாங்கி, விரல் விரலாக மடக்கிப் பார்க்கிறார்.

அடுத்த சனிக்கிழமையே லேலண்டு வந்தார். நான்காவது தடத்தில் வெல்டா தன் எஃகுத் துப்பாக்கியை அவர் முன்னால் வைத்தார்.

“இழுத்துப் பாருங்க.”

லேலண்டு இழுத்தார். வந்தது. ஐந்து சுட்டார். காலி என்று தன் கையாலேயே காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். நான்காக மடித்த காகிதத் தட்டு. பிரித்து மேசையில் வைத்தார். ‘இதுவே போதும்’, கையெழுத்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

“சோபா விலை ஏறிப்போச்சா, மிஸ் வெல்டா?”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை, லேலண்டைத் தவிர. வெல்டா மார்க்கரை எடுத்தார். மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார். அந்த இரண்டு சொல்லையும் குறுக்கே அடித்தார். கையெழுத்தை அடிக்கவில்லை. அதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, தட்டை இரண்டு கையாலும் லேலண்டிடம் நீட்டினார்.