கைதட்டி உட்காரவைப்பவள்

கைதட்டினது குற்றமென்றால் அன்றைக்கு மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் கையையும் வெட்டுங்கள். அதென்ன கிளெனிஸ் கையை மட்டும்? டோரீன் தன் முடிவெட்டும் கடைக்கு வருகிற தலைக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறாள், "அவ கைதட்டியே மெர்வைக் கொன்னுட்டா" என்று. நீ அங்கே இருந்தாயா, டோரீன்? நான் இருந்தேன். மண்டபத்தின் பின்னால், வெந்நீர்க் கொதிகலன் பக்கத்தில் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்துதான் தெரியாது. கண் நன்றாகவே தெரியும்.

கிளெனிஸ் ஹாட்டம் ஊர்க்கோடியில் கோதுமை லாரிகளுக்கு எடை போடுகிறவள். அறுவடைக் காலத்தில் வண்டி வரிசை நெடுஞ்சாலை வரைக்கும் நிற்கும். சொந்தத் தம்பி நடுவில் வண்டியை நுழைத்தபோது, "பின்னால போடா. உனக்கு முன்னாடி வந்தவன் என்ன வேடிக்கை பார்க்கவா நிக்கறான்?" என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினவள். அந்த மனசோடுதான், மேடையில் பேசிப் பழகுகிற எங்கள் பேச்சு மன்றத்தையும் நடத்தினாள்.

திங்கட்கிழமை சாயங்காலமானால் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பாள். கடற்காற்று கொண்டுவந்து போட்ட மணலைக் கூட்டுவாள். பேசுகிற மேடையில் வைக்கும் தண்ணீர்க் கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பமாட்டாள். கேட்டால், "கை நடுங்கறவங்க சட்டையில ஊத்திக்குவாங்க" என்பாள். புதிதாக யாராவது வந்தால் அவர்கள் பெயரை வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதே பத்துத் தடவை சொல்லிப் பழகிவிட்டுத்தான் மேடையேறி அழைப்பாள். "ம்ம்" என்று இழுப்பவர்களுக்கு ஒவ்வோர் இழுவைக்கும் ஒரு பாட்டில் மூடி தகர டப்பாவில் விழும். பாதிரியார் பேசினாரானால் ஆலங்கட்டி மழைதான். "ஃபாதர், டப்பா போதலை. அடுத்த வாரம் உங்களுக்கு வாளி கொண்டாறேன்" என்று அவள் சொன்னதற்கு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தக் கைதட்டலைச் சொல்ல வந்தேன். மருந்துக்கடை வெண்டல் கையில் விளக்குப் பெட்டி இருக்கும். பேச்சுக்கு உள்ள நேரம் கரையக் கரைய பச்சை, மஞ்சள், கடைசியாகச் சிவப்பு. சிவப்புக்கு அப்புறமும் அரை நிமிடம் விடுவார்கள். அதற்குமேல் பேசினால் தலைவர் கைதட்டத் தொடங்குவார், கூட்டமும் சேர்ந்து தட்டும், பேசினவர் உட்கார்ந்துவிடுவார். யாரும் யாரிடமும் "போதும்" என்று சொல்லவேண்டாம் பாருங்கள், அதற்காக ஏற்பட்டது. முன்பெல்லாம் கிளெனிஸ் அதில் இளக்கமாகத்தான் இருந்தாள். ஒருநாள் ஒரு கவுன்சிலர் குப்பைத்தொட்டியைப் பற்றிப் பேசிப் பேசிக் கூட்டத்தையே தின்று தீர்த்தார். கடைசியில் பேச இருந்த பள்ளிக்கூடப் பெண் அழுதுகொண்டு போனவள்தான், திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து கறாரானாள். அடுத்தவளின் முறையைக் காக்கிற கறார் அது. கொடுமை என்று யார் சொன்னது?

மெர்வ் ட்ரெலோர் விரிகுடாவில் சிப்பிப் பண்ணை வைத்திருந்தவன். சரக்கைவிடச் சிரிப்பை அதிகம் விற்கிறவன். அன்றைக்குக் கயிற்று முடிச்சுகளைப் பற்றிப் பேச எழுந்தான். "ஏய் மெர்வ், உன் கல்யாண முடிச்சையும் சேர்த்துக் காட்டு!" என்று யாரோ கத்த, அவன் மனைவி நோலா வராத தைரியத்தில் எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். முடிச்சுகள் முடிந்தன. சிவப்பு வந்தது. அவன் இறங்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, "சிப்பியெல்லாம் நோவு வந்து செத்துப்போச்சு. அது கூடக் கிடக்கட்டும். நான் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு..." என்றான்.

அப்போது கிளெனிஸ் யாரைப் பார்த்தாள் தெரியுமா? மரிடெஸை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பிலிப்பீன்ஸ் தாதி. அடுத்தது அவள் முறை, அவளுக்கு அதுதான் முதல் பேச்சு. நாற்காலி நுனியில் உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத்தான் கிளெனிஸ் தட்டினாள். உடனே எல்லாரும் தட்டினார்கள், பழக்கம் அப்படி. மெர்வ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பிறகு தலைகுனிந்து வணங்கி, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். இடைவேளையில் என்னிடம் லாமிங்டன் கேக் கேட்டு வாங்கித் தின்றான்.

அந்த வாரமே அவன் படகு மட்டும் விரிகுடாவில் மிதந்தது. அவன் கிடைக்கவில்லை.

கிளெனிஸ் ஆட்டிறைச்சி வேகவைத்து, மூடிபோட்ட பாத்திரத்தில் நோலா வீட்டுக்குக் கொண்டுபோனாள். கதவு திறக்கவில்லை. மறுநாள் பாத்திரம் அதே படியில் ஈ மொய்த்துக் கிடந்தது. மறுபடி போனாள். மறுபடியும் அப்படியே. "திட்டினாக் கூடப் போதும்மா. காறித் துப்பினாலும் சரி. ஒரு வார்த்தை அவ வாயால வரட்டும்" என்றாள் என்னிடம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். மன்றத்தையும் விடவில்லை. "எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்கறா?" என்று ஊர் கேட்டது. வேறு எந்த முகத்தை வைத்துக்கொள்வாள்? மரிடெஸும் இன்னும் சிலரும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யார் கதவைத் திறப்பது?

குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை நோலா வந்தாள். மெர்வுடைய பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் தேநீர் நீட்டினேன், வாங்கவில்லை. அந்த இடத்திலேயே தலைப்புக் கொடுத்துப் பேசவைக்கிற நேரம் வந்தது. விருந்தாளிகளை வற்புறுத்துவதில்லை. ஆனால் அவளாகவே எழுந்து மேடைக்கு நடந்தாள். கிளெனிஸ் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. "நீ என்ன வேணாலும் பேசு, நோலா" என்றாள்.

"அன்னிக்கு மெர்வ் என்ன சொல்ல வந்தான்?" என்று நோலா எங்களைக் கேட்டாள். "வீட்ல என்கிட்ட சொல்லலை. இங்க சொல்ல வந்திருக்கான். யாருக்காச்சும் தெரியுமா?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பச்சை எரிந்தது. மஞ்சள் எரிந்தது. வெண்டல் சிவப்பைப் போட்டிருக்கவே வேண்டாம், பாவம், அவன் விரல் பழக்கத்தில் போட்டுவிட்டது. நோலா அந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு கிளெனிஸைப் பார்த்தாள்.

"நேரமாச்சுல்ல? தட்டு, கிளெனிஸ்."

கூரைத் தகரத்தைக் காற்று அடித்தது.

"தட்டேன். ஏன், கை வரலையா?"

கிளெனிஸ் கேட்டுக் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. அவள் வெண்டலைப் பார்த்து, "நீ நடத்துப்பா. அவ முடிக்கிற வரைக்கும் யாரும் அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே வாசலை நோக்கி நடந்தாள். அந்தக் கதவு கனமானது, காற்றுக்கு எதிராகத் தள்ளவேண்டும். அவள் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் ஆழச் செருகியிருந்தாள். வெளியே எடுக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்துகொண்டு போனாள்.