நான் போட்ட தண்ணீர் டைம்டேபிள்

1. ஈரமில்லாத தண்ணீர்

தண்ணீரைப் பற்றி முப்பது வருடம் ஆராய்ச்சி செய்தவள் நான். அந்த முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட என் கை நனைந்ததில்லை. பல்கலைக்கழகக் கெம்பஸில் எனக்குக் கொடுத்த அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தலைவலித் தைலம் ஒரு போத்தல் இருந்தன. துறையின் பெயர் பாய்ம இயக்கவியல். அதற்குள்ளும் நான் பிடித்துக்கொண்டது கேயோட்டிக் மிக்சிங். மெதுவாக ஓடும் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் அது எப்போது கலக்கும், எப்போது கலக்காது என்று சமன்பாடு எழுதுவதுதான் வேலை.

விஷயம் இவ்வளவுதான். தண்ணீர் ஒரே பக்கமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் எதுவும் கலக்காது. மை ஒரு நூலாக நீண்டு வெளியே போய்விடும். ஓட்டத்தின் திசையை அடிக்கடி மாற்றினால் அந்த நூல் மடியும், மடிந்தது நீளும், நீண்டது மறுபடி மடியும். ரொட்டிக்கு மாப் பிசைகிற எல்லோருக்கும் இது தெரியும். நாங்கள் அதை நாற்பது பக்கத்தில் எழுதி, நான்கு பேர் வாசித்தால் திருப்திப்படுவோம். அந்த நான்கு பேரில் ஒருவர் எப்படியும் நம்மைத் திட்டி எழுதுவார்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், இதனால் யாருக்கு என்ன பயன் என்று என்னிடம் கேட்பதுண்டு. பயன் இருக்கிறதோ இல்லையோ, கெடுதல் செய்ய முடியும். அதை நான் செய்து காட்டியிருக்கிறேன்.

2. பீலிக்கரைச் சமாதானம்

நான் பிறந்த தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிறது. அங்கே தொழிலாளர்கள் குடியிருக்க வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள். மேலே இருப்பது மேட்டு லயம், கீழே இருப்பது பணிய லயம். இரண்டுக்கும் சேர்த்து மலையில் ஒரு சீமெந்துத் தொட்டி. ஊற்றுத் தண்ணீர் ஒரு பைப்பில் வந்து விழும். தொட்டியின் இந்த ஓரத்தில் மேட்டு லயத்துக்குப் போகும் பைப், அந்த ஓரத்தில் பணிய லயத்துக்குப் போகும் பைப். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எந்த லயத்துப் பீலிக் குழாயிலும் ஒழுங்காகத் தண்ணீர் வராது.

தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் சன்னாசி அண்ணன். காலையில் குளோரின் பவுடரை வாளியில் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார். பிறகு குழாயைத் திறப்பார். ஐந்து மணிக்கு இரண்டு லயத்துப் பெண்களுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைய வேலை கிடைக்காது. மேட்டு லயத்தைத் திறந்தால் பணிய லயத்துக்காரர்கள் தொட்டிக்கு வந்து சத்தம் போடுவார்கள். அதை மூடி இதைத் திறந்தால் மேட்டு லயம் வரும். பாவம் அந்த மனுஷன், சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் திருப்பித் திருப்பி இரண்டு மணித்தியாலத்தை ஓட்டுவார். வருடக்கணக்காக இதே கூத்துத்தான்.

தீபாவளி லீவுக்குப் போயிருந்தபோது சின்னத் தொரை என்கிற உதவி மனேஜரும் தோட்டத் தலைவரும் என்னைத் தேடி வந்தார்கள். தண்ணீரைப் பற்றிப் படித்த ஆள் நம் தோட்டத்திலேயே இருக்கும்போது இந்தச் சண்டை எதற்கு என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரே பகலில் டைம்டேபிள் தயார். காலை ஐந்து முதல் ஏழு வரை மேட்டு லயம் மட்டும். மாலை நான்கு முதல் ஆறு வரை பணிய லயம் மட்டும். அவர்கள் பிடித்துப் பீப்பாயில் வைத்துக்கொள்ளலாம். சண்டை அன்றோடு நின்றது. கோயில் கமிட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தியது. திசை மாறாமல் தண்ணீர் ஓடினால் எதுவும் கலக்காது என்று முப்பது வருடம் எழுதிய மகராசி, அதே ஓட்டத்தைத் தன் கையாலேயே ஏற்படுத்திக் கொடுத்துவிட்டுப் பொன்னாடையோடு பஸ் ஏறினாள்.

3. குற்றவாளி கிடைத்தார்

இரண்டு மாதம் கழித்துத் தங்கச்சி செல்வராணி அழுதுகொண்டே போன் பண்ணினாள். அவள் பணிய லயத்தில் இருக்கிறாள். பேத்திக்கு வயிற்றோட்டம், டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறுகிறது என்றாள். அதே லயத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படியே. நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை தேறியிருந்தாள். ஆனால் தோட்டம் அதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தது.

சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்து சோதித்ததில், மேட்டு லயத்துத் தண்ணீரில் குளோரின் மூக்கைத் துளைத்தது. பணிய லயத்துத் தண்ணீரில் பெயருக்குக்கூட இல்லை. சன்னாசி ஒழுங்காகக் கலக்கவில்லை, சோம்பேறி என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒபீசில் விசாரணை. வேலை போனால், அந்த வேலையை நம்பி அவர் குடியிருக்கும் லயக் காம்பராவும் போகும். அவருக்கு வேறு இடமில்லை.

தொட்டிக்குப் போனேன். சன்னாசி அண்ணன் அங்கே நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, பவுடர் எப்பவும் போடுற அளவுதாங்க போடுறேன். முன்ன மாதிரி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தொறந்து விட்டா சரியாயிருமுங்க."

தோட்டத்தில் பேராசிரியர் என்றொரு பதவி கிடையாது. படிப்பிக்கிற எல்லோரும் டீச்சர்தான். டீச்சர் என்ன சொன்னாள் தெரியுமா? "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லண்ணே" என்றாள். தொட்டியை அளந்துகொண்டு தங்கச்சி காம்பராவுக்குப் போய் லெப்டொப்பைத் திறந்தாள்.

இரண்டாம் நாள் காலை, திரையில் படம் வந்தது. ஊற்றிய குளோரின் ஒரு நூலாக நேரே மேட்டு லயத்துப் பைப்புக்குள் போனது. ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்தது. மாலையில் பணிய லயத்துக்குக் கிடைத்தது வெறும் ஊற்றுத் தண்ணீர். இரண்டு பைப்பையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். தொட்டி முழுக்க ஒரே சீராகக் கலந்தது. எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றினால் நன்றாகக் கலக்கும் என்று தேடினேன். ஏழு நிமிடம் என்று வந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை. அந்த மனுஷன் தொட்டியடியில் நின்று சொன்னதைத்தான் இரண்டு நாள் செலவழித்துக் கணக்குப் போட்டு எடுத்திருக்கிறேன்.

4. கொண்டீஸ்

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு நானும் போனேன். டைம்டேபிள் என்னுடையது, பிழையும் என்னுடையது, சன்னாசி அண்ணன் ஒன்றும் செய்யவில்லை என்றேன். பெரிய தொரை சிரித்தார். என் பெரிய மனதை மதிக்கிறாராம். ஆனால் ஓர் ஊழியரைக் காப்பாற்ற ஒரு பேராசிரியர் இப்படிப் பழியை ஏற்கத் தேவையில்லையாம். படித்தவள் பிழை விட்டாள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. தண்ணீர் திறப்பவர் பிழை விட்டார் என்பதை நம்ப அரை நிமிடம்கூட ஆகவில்லை. லெப்டொப்பைக் காட்டினேன். படம் மிகவும் அழகாக இருக்கிறது என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. டிஸ்பென்சரியில் கொண்டீஸ் கொஞ்சம் வாங்கி வரச் சொன்னேன். புண் கழுவுகிற அதே கத்தரிப்பூ நிறக் கொண்டீஸ்தான். எல்லோரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தொரை, சின்னத் தொரை, தலைவர், இரண்டு லயத்துப் பெண்கள் எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

கரைத்து ஊற்றிவிட்டு மேட்டு லயத்துப் பைப்பை மட்டும் திறக்கச் சொன்னேன். ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை நேரே அந்தப் பைப்புக்குள் போனது. மீதித் தொட்டியில் ஒரு சொட்டு நிறமில்லை.

மறுபடி கரைத்து ஊற்றினோம். "அண்ணே, நீங்க முன்ன எப்பிடிச் செஞ்சீங்களோ அப்பிடியே செய்ங்க" என்றேன். அவர் இந்தப் பக்கம் திறந்தார், மூடினார், அந்தப் பக்கம் திறந்தார். அன்றைக்கு யாரும் சத்தம் போடவில்லை. ஆனாலும் பழகிய கை தன் பாட்டில் நடந்தது. போனில் நேரம் பார்த்தேன். ஏழு நிமிடம், எட்டு, ஏழு. முக்கால் மணித்தியாலத்தில் தொட்டி முழுக்க ஒரே ரோஸ். அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாததால் அன்றைக்கு இரண்டு லயத்துக்கும் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது.

பெரிய தொரை அங்கேயே விசாரணையை முடித்துக்கொண்டார். மிகவும் சுவாரசியமான பரிசோதனை என்று என் கையைக் குலுக்கினார். சன்னாசி அண்ணனைப் பார்த்து நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. டைம்டேபிளை நானே நோட்டீஸ் போர்டிலிருந்து கிழித்தேன். சண்டையை மறுபடி தொடங்கும்படி இரண்டு லயத்தையும் கேட்டுக்கொண்ட முதல் விஞ்ஞானி நானாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லோரும் போன பிறகு சன்னாசி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குழாயை இறுக மூடிவிட்டுக் கேட்டார்.

"டீச்சரம்மா, தப்பு ஒங்களுதுன்னு இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? இந்தத் தொரை கண்ணால பாத்துட்டாரு. நாளைக்கு வேற தொரை வருவாரு, அவரு இன்னைக்கு இங்க இல்லயே."

அன்றே எழுதினேன். முப்பது வருடத்தில் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட நான் பிழை விட்டேன் என்று எழுதியதில்லை. அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று தாளைக் கிழித்துப் போட வேண்டி வந்தது. சன்னாசி அண்ணன் அதை அடையாள அட்டையோடு பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சமன்பாடு பிழையானால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. யாருக்கு ஆகும் என்று பார்த்து, அவர் கேட்பதற்கு முன்பே அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.